மரவையிலிருந்து அலுமினியப் பெட்டி வரை

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் விடுமுறை நாளில் ஆற்றங்கரைக்குப் போய்த் தங்கம் அரிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உண்டு. அவர்களில் பலர் கடையில் விற்கும் கருவிக்குப் பணம் கொட்டுவதில்லை. அலுமினியத் தகட்டை மடக்கி வீட்டிலேயே ஒரு பெட்டி செய்துகொள்கிறார்கள். நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் தகட்டு வேலை கற்பித்து ஓய்வு பெற்றவன். அந்தப் பெட்டியின் அமைப்பைப் பார்த்ததும் எனக்கு நம் பாட்டிமார் வைத்திருந்த அரிக்கன் சட்டிதான் நினைவுக்கு வந்தது.

அரிக்கன் சட்டியின் உட்புறம் வரிவரியாக இருக்கும். அரிசியைத் தண்ணீரோடு ஆட்டி ஆட்டிச் சாய்த்தால் அரிசி நகர்ந்துவிடும், கல் வரியில் தங்கிவிடும். தங்கம் அரிப்பதும் இதே கணக்குதான். தண்ணீரின் எடையை 1 என்று வைத்தால், அதே அளவு மணற்கல் ஏறக்குறைய 2.6, கருமணல் 5, தங்கம் 19. ஓடும் நீர் மணலை இழுத்துக்கொண்டு போகும். தங்கம் அடியில் படிந்து ஏதாவது ஒரு தடுப்பில் சிக்கிக்கொள்ளும். இந்த ஒரு உண்மையை வைத்துத்தான் இத்தனை ஆயிரம் ஆண்டுகளாக ஏழைகள் தங்கம் எடுத்தார்கள்.

கருங்கடலுக்குக் கிழக்கே உள்ள மலையாறுகளில் ரோமம் நீக்காத ஆட்டுத்தோலை விரித்துப் பொன் துகளைப் பிடித்தார்கள். கிரேக்கர்களின் தங்க ஆட்டுத்தோல் கதை இதிலிருந்து பிறந்திருக்கும் என்று பழங்கால ஆசிரியர் ஸ்ட்ராபோவே எழுதியிருக்கிறார். ஜெர்மானியரான அக்ரிகோலாவின் சுரங்க நூல் 1556இல் வெளிவந்தது. அதில் குறுக்குச் சட்டங்கள் அடித்த மரக்கால்வாய்கள் படமாகவே இருக்கின்றன.

நம் பக்கத்துக்கு வருவோம். கூடலூர், தேவாலா, பந்தலூர் மலைகளிலும், கீழே நிலம்பூர்ப் பக்கத்து ஆறுகளிலும் குறும்பர், பணியர் முதலான மலைமக்கள் வெகுகாலமாகப் பொன் அரித்து வந்தார்கள். அவர்களுடைய கருவி மரவை. ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்த தட்டு, அவ்வளவுதான். கோலாரிலும் இதே கதைதான். 1802இல் எல்லை அளக்க வந்த லெப்டினன்ட் வாரன், பொன் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு விசாரித்தார். ஊர்க்காரர்கள் வண்டியில் மண் கொண்டுவந்து, அவர் கண்முன்னே கழுவித் தங்கப் பொடியைக் காட்டினார்கள். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற அந்தச் சுரங்கத்தை வெள்ளைக்காரர்களுக்கு முதலில் காட்டிக்கொடுத்தது அந்தக் கிராமத்தார் மண் கழுவிய கைதான்.

1848 ஜனவரியில் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. அதன் பிறகு உலகமே அங்கே ஓடியது. போனவர்களில் பலரிடம் இருந்தது ஒரு தட்டும் மண்வெட்டியும்தான். தட்டில் அரித்தால் முதுகு ஒடியும், நாளெல்லாம் உழைத்தாலும் கொஞ்சம் மண்தான் கழுவ முடியும். அதனால் கையில் கிடைத்த பலகைகளை அடித்து ‘ராக்கர்’ செய்தார்கள். குழந்தைத் தொட்டில் மாதிரி அடியில் வளைந்த கட்டையும், மேலே ஒரு சல்லடையும், உள்ளே குறுக்குத் தடுப்புகளும் இருக்கும். ஒருவர் மண் போட, ஒருவர் தண்ணீர் ஊற்ற, ஒருவர் ஆட்டுவார். அதையே நீட்டி, ஆட்டுவதற்குப் பதில் ஓடும் தண்ணீரையே வேலை வாங்கியதுதான் ‘ஸ்லூயிஸ்’ பெட்டி.

ஆனால் எல்லோரும் கைக்கருவியோடு நிற்கவில்லை. நம் கூடலூர்ப் பகுதியே அதற்குச் சாட்சி. காப்பித் தோட்டங்கள் நோயில் நலிந்திருந்த காலம் அது. 1879இல் ஆஸ்திரேலியாவிலிருந்து பிரப் ஸ்மித் என்ற நிபுணர் வரவழைக்கப்பட்டார். அவர் நம்பிக்கையூட்டும் அறிக்கை தந்ததும் லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகத் தொடங்கினார்கள். நலிந்த தோட்டங்கள் கொள்ளை விலைக்குக் கைமாறின. கனமான இயந்திரங்களை மலைமேல் ஏற்றினார்கள். பாறையை இடித்துப் பார்த்தபோது, போட்ட செலவுக்குக் கட்டுபடியாகும் அளவு தங்கம் அதில் இல்லை. சில ஆண்டுகளிலேயே எல்லாம் அடங்கிவிட்டது. பங்கு வாங்கியவர்களின் பணம் போயிற்று. மரவைக்காரருக்கோ நட்டம் என்று ஒன்றில்லை. போட்ட முதல் ஒரு மரத்துண்டுதானே!

1930களில் அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம். வேலை இழந்தவர்கள் மறுபடியும் ஆற்றங்கரைக்கு வந்தார்கள். டென்வர் நகரில் அவர்களுக்குத் தங்கம் அரிக்க வகுப்பே நடந்தது. 1934இல் ஒரு அவுன்ஸ் தங்கத்தின் விலையை அரசு 20.67 டாலரிலிருந்து 35 டாலராக உயர்த்தியது. அப்படியும் பெரும்பாலோருக்கு அன்றாடச் சாப்பாட்டுக்கே சரியாக இருந்தது.

இனி அலுமினியம். 1884இல் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் ஒரு சிறு அலுமினியக் கூம்பை வைத்தார்கள். அன்று அதன் விலை வெள்ளிக்குச் சமம். 1886இல் ஹால், எரூல் என்ற இருவர் தனித்தனியே மின்சாரத்தால் அலுமினியம் பிரிக்கும் வழியைக் கண்டார்கள். அதன்பின் அது நம் வீட்டுச் சோற்றுப் பானை அளவுக்கு இறங்கி வந்தது. ஒரு காலத்தில் அரிய உலோகமாக இருந்தது இன்று தங்கம் தேட உதவும் மலிவுத் தகடாகிவிட்டது.

செய்முறை எளிது. 16 கேஜ் தகட்டில் மூன்று நான்கு அடி நீளம், ஓர் அடி அகலத்துக்கு மூன்று பக்கத் தொட்டியாக மடக்க வேண்டும். தகரக் கத்திரி, கொட்டாப்புளி, துளைக்கருவி, ரிவெட் போதும். தண்ணீர் நுழையும் வாயை அகலமாக விரிக்க வேண்டும். அடியில் பழைய முரட்டுக் கம்பளம், அதன்மேல் எல் ஆங்கிள் துண்டுகளைக் குறுக்கே வைத்துக் கழற்றி மாட்டும்படி இறுக்க வேண்டும். அடிக்கு ஓர் அங்குலம் சரிவு இருந்தால் தண்ணீர் சரியாக ஓடும். அந்தக் கம்பளம் வேறொன்றுமில்லை, அதே பழைய ஆட்டுத்தோல்தான்! அலுமினியம் துருப்பிடிக்காது, இரும்பில் மூன்றில் ஒரு பங்கு எடைதான். அதற்கு எமன் பாதரசம். பட்ட இடத்தில் தகடு வெண்பொடியாக உதிரும். கலிபோர்னியாவின் சில ஆறுகளில், அந்தக் காலத்துச் சுரங்கக்காரர்கள் சிந்திய பாதரசம் இன்னும் அடியில் கிடக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் ஆற்றுக்குக் கிளம்ப வேண்டாம். நம் நாட்டில் அனுமதியின்றிக் கனிமம் எடுப்பது குற்றம். தேவாலாப் பக்கத்துப் பழைய சுரங்கங்களில் திருட்டுத்தனமாக இறங்கி, இந்தக் காலத்திலும் உயிரை விட்டவர்கள் உண்டு. கம்பெனிகள் கைவிட்டுப் போன அந்தக் குழிகள் இன்றும் ஆளைக் காவு கேட்கின்றன. மரவை யாரையும் விழுங்கியதில்லை.

என் கவலை வேறு. கம்பெனிகளின் கதை அரசு ஆவணங்களில் பத்திரமாக இருக்கிறது. மரவையைக் குடைந்தவர்களின் கைத்திறனை யாரும் எழுதி வைக்கவில்லை. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் உள்ள அன்பர்கள் யாராவது பழைய மரவையைப் பார்த்தால் விறகென்று அடுப்பில் வைத்துவிடாதீர்கள். அதை ஆட்டத் தெரிந்த பெரியவர் எவரேனும் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.