குயின் மேரி 2: சத்தம் போடாத அலாரம்

இன்னைக்குக் கதை 2010 செப்டம்பர் 23, அதிகாலை 4:25 மணிக்கு ஆரம்பிக்குது. குயின் மேரி 2 பயணிகள் கப்பல் பார்சிலோனாவை நெருங்கிக்கிட்டு இருக்கு. பின்பக்க சுவிட்ச்போர்டு அறையில திடீர்னு ஒரு வெடிச்சத்தம். சில நொடிகள்ல நாலு உந்து மோட்டார்களும் நின்னுபோச்சு. இன்னும் 36 நொடியில கப்பல் முழுக்க இருட்டு.

எஞ்சின் எதுவும் வெடிக்கல. வெடிச்சது கெபாசிட்டர். கப்பல் ஓட்ட கெபாசிட்டர் எதுக்கு? அதுக்கு நூறு வருஷம் பின்னால போகணும்.

1903-இல் ரஷ்யாவின் வோல்கா ஆற்றில் நோபல் சகோதரர்களின் நிறுவனம் 'வண்டால்' என்ற எண்ணெய்க் கப்பலை இறக்கியது. அதில் தலா 120 குதிரைத்திறன் கொண்ட மூன்று டீசல் எஞ்சின்கள். அந்தக் காலத்து டீசல் எஞ்சினைப் பின்னோக்கிச் சுழற்ற வழியில்லை. அதனால் எஞ்சினை ஜெனரேட்டரோடு இணைத்து, அந்த மின்சாரத்தில் மோட்டாரை ஓட்டினார்கள். எஞ்சின் ஒரே திசையில் சுற்றட்டும், முன்னே போவதா பின்னே போவதா என்பதை மின்சாரம் பார்த்துக்கொள்ளும்.

அப்படியே 1986-87க்கு வாங்க. நீராவியில் ஓடிக்கொண்டிருந்த குயின் எலிசபெத் 2 கப்பலுக்கு ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபனில் ஒன்பது டீசல் எஞ்சின்களும், ஒவ்வொன்றும் 44 மெகாவாட் திறனுள்ள இரண்டு மோட்டார்களும் பொருத்தினார்கள். 2003-இல் கட்டி முடிக்கப்பட்ட குயின் மேரி 2-ம் மின்சாரத்தில் ஓடுவதுதான். ஜெனரேட்டர்கள் தருவது 60 ஹெர்ட்ஸ். ஆனால் மோட்டாரின் வேகம் அதிர்வெண்ணைப் பொறுத்தது. ஆக, நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வேணும். அது தைரிஸ்டர்களை வைத்து மின்சாரத்தை நறுக்கி, கேட்ட அதிர்வெண்ணில் திரும்பக் கொடுக்கும்.

நறுக்கினா சும்மா போகுமா? அழகான அலை கரடுமுரடாகிடும். 60-இன் மடங்குகளில் தேவையில்லாத அலைகள் கலக்கும். அதுதான் ஹார்மோனிக்ஸ். மற்ற கருவிகள் சூடாகும், தடுமாறும். அந்தக் கழிவை வடிகட்டத்தான் கெபாசிட்டரும் காயிலும் சேர்ந்த ஹார்மோனிக் ஃபில்டர். அன்னைக்கு வெடிச்சது பின்பக்க ஃபில்டர்.

பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு இதை ஆராய்ந்தது. கெபாசிட்டர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சீரழிந்திருந்தன. அதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்க ஒரே ஒரு ஏற்பாடுதான் இருந்தது: மின்னோட்டச் சமநிலை குலைந்தால் எச்சரிக்கும் கருவி. அந்தக் கருவியே பல வருஷமா வேலை செய்யலைன்னு தெரிஞ்சுது.

இதைப் படிச்சப்போ எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. நான் முன்னாடி வேலை பார்த்த இடத்துல பேக்கப் தோத்துப்போனா மெயில் வரும். மாசக்கணக்கா மெயில் வரல. எல்லாம் நல்லா நடக்குதுன்னு நிம்மதியா இருந்தேன். ஒருநாள் பழைய டேட்டா தேவைப்பட்டப்போதான் தெரிஞ்சுது, மெயில் அனுப்புற ஸ்கிரிப்டே செத்துக் கிடந்துச்சு. பேக்கப்பும் இல்ல. அமைதிக்கு ரெண்டு அர்த்தம்: ஒண்ணு, எல்லாம் சரி. இன்னொண்ணு, சொல்ல வேண்டியவன் உயிரோட இல்ல. வெளியில இருந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான்.

குயின் மேரி 2-க்கு அதிர்ஷ்டம். ஆபத்தில்லாத இடத்தில் இருந்தது, யாருக்கும் காயமில்லை. எமர்ஜென்சி ஜெனரேட்டர் தானாகவே ஓடியது. பழுதான ஃபில்டரைத் துண்டித்துவிட்டு, முன்பக்க ஃபில்டரை வைத்து 5:23-க்குக் கப்பல் மறுபடி கிளம்பிவிட்டது. துறைமுக வாயிலிலோ பாறைக்குப் பக்கத்திலோ அந்த ஒரு மணி நேரம் வந்திருந்தால், கதையே வேற.

இப்போ திங்கட்கிழமை காலையில என் முதல் வேலை, வேணும்னே ஒரு டெஸ்ட் பேக்கப்பைத் தோக்கவிட்டு மெயில் வருதான்னு பார்க்கிறது. உங்க இடத்துலயும் ரொம்ப நாளா சத்தம் போடாத அலாரம் ஏதாவது இருந்தா, இந்த வாரம் ஒருதரம் தட்டிப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.