பழுதுபார்ப்பதா, மாற்றுவதா? பெங்களூரின் கீபோர்டுகள் சொல்லும் வரலாறு

திப்பு சுல்தானுக்காகச் செய்யப்பட்ட மரப்புலி, 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. ஐரோப்பியன் ஒருவன்மீது பாய்ந்து நிற்கும் அப்புலியின் உடலுக்குள் கட்டைகளும் குழாய்களும் கொண்ட ஒரு சிறு ஆர்கன் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரின்போது இலண்டன் அருங்காட்சியகத்தின் கூரை சரிந்து அந்த மர உடல் நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறியது. போர் முடிந்தபின் துண்டுகளைப் பொருத்தி மீண்டும் அதை எழுப்பி நிறுத்தினர். மரமும் தோலும் உலோகமும் கைவினைஞர் கைக்கு அடங்கும் பொருள்கள் என்பதாலேயே இது இயன்றது.

1809இல் உருவான பெங்களூர்க் கண்டோன்மென்டின் தேவாலயங்களுக்கும் பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் வந்த பியானோக்களுக்கும் இதே விதி பொருந்தும். கம்பி அறுந்தால் புதுக்கம்பி, கம்பளிப்பட்டை தேய்ந்தால் புதுப்பட்டை. சுருதி கூட்டுபவரின் செவியும் திருகுகோலும் இருந்தால் பியானோ மூன்று தலைமுறைக்கும் வாழும்.

மின்னணுக் கருவிகள் இக்கணக்கை மாற்றின. கேசியோ நிறுவனத்தின் முதல் இசைக்கருவியான கேசியோடோன் 201 வெளிவந்தது 1980இல். யமஹாவின் டிஎக்ஸ்7 1983இல் வந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் 1967இல் கண்டறிந்த அதிர்வெண் பண்பேற்ற முறையே அதன் அடிப்படை. 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணினிவழி இசையமைத்தபோது தமிழ்ச்செவிகள் மின்னணு ஒலிக்குப் பழகத் தொடங்கின. 1991க்குப்பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர, பியானோ வாங்க இயலாத நடுத்தர வீடுகளில் கீபோர்டே பியானோ பயிலும் கருவியாயிற்று.

பெங்களூருக்கு இத்துறையில் சொந்த வரலாறும் உண்டு. பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ்நாராயண் 1979இல் இங்கேதான் மின்னணுத் தம்புராவை உருவாக்கினார். அவருடைய ராடெல் நிறுவனம் இந்நகரத்தைச் சேர்ந்தது. கருவியைச் செய்தவர் அதே ஊரில் இருந்தால், அதன் மின்சுற்றை அறிந்தவரும் அதே ஊரில் இருப்பார். கடல் கடந்து வந்த கீபோர்டுகளுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை.

கீபோர்டின் முதுமை பெரும்பாலும் கட்டைகளின் அடியில் தொடங்குகிறது. விரலின் விசையை உணரும் கீபோர்டுகளில் ஒவ்வொரு கட்டையின் கீழும் இரு தொடுபுள்ளிகள் உண்டு. முதலாவது மூடுவதற்கும் இரண்டாவது மூடுவதற்கும் இடைப்பட்ட நேரத்தைக் கொண்டு, விரல் எவ்வளவு வேகமாக இறங்கியது என்பதைக் கருவி கணிக்கிறது. ரப்பர் பட்டையிலுள்ள கார்பன் பூச்சில் தூசு படிந்தால் ஒரு சுரம் ஊமையாகும். அல்லது மெல்லத் தொட்டாலும் அலறும். சுத்தம் செய்தோ பட்டையை மாற்றியோ இதைச் சரிசெய்யலாம். வற்றிப்போன மின்தேக்கியையும் மாற்றலாம். அத்தகைய உறுப்புகளை விற்கும் கடைகளுக்குப் பெயர்பெற்றது பெங்களூரின் எஸ்.பி. சாலை எனப்படும் சதர் பத்ரப்பா சாலை.

ஆனால் டிஎக்ஸ்7இன் ஒலியைப் பிறப்பிக்கும் சில்லுகள் யமஹா தானே வடித்தவை. அவற்றுள் ஒன்று பழுதானால், உயிரிழந்த மற்றொரு கருவியிலிருந்துதான் எடுத்துப் பொருத்தவேண்டும். பிரான்சிலோ ஜப்பானிலோ இருப்பவருக்கும் இதே நிலைதான். எனினும் பெங்களூரில் இதற்கொரு தனிக் கசப்பு உண்டு. 1948இல் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையும், 1954இல் பாரத் எலக்ட்ரானிக்ஸும், 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் வந்தமைந்த நகரம் இது. உலகுக்குச் சில்லு வடிவமைக்கும் ஊரில், நாற்பதாண்டுப் பழைய சில்லு ஒன்றுக்கு மாற்று கிடைப்பதில்லை. அறிவு இல்லாததால் அன்று. வடிவமைப்பு உற்பத்தியாளரின் உடைமையாக இருப்பதாலும், ஒரு சில கருவிகளுக்காகச் சில்லு வார்ப்பது எவருக்கும் கட்டுப்படியாகாததாலும்.

பழுதுபார்க்கும் உரிமைக்கென இந்திய அரசு 2022இல் ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. அது வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை முன்னிறுத்தியது. இசைக்கருவி தனித்துறையாக அதில் இடம்பெறவில்லை.

ஆகவே பழுதின் இடமே முடிவைத் தீர்மானிக்கிறது. தொடுபுள்ளி, மின்வழங்கி, மின்கலம் ஆகியவற்றில் பழுது என்றால் கருவியைக் காப்பாற்றலாம். தலைமைச் சில்லு போனால் மாற்றுவதே வழி. மாற்றுவதில் மாணவருக்கு நன்மையும் உண்டு: எடையுள்ள 88 கட்டைகள் கொண்ட புதிய டிஜிட்டல் பியானோ, விரல்களைப் பழைய கீபோர்டைவிட நன்றாகப் பழக்கும்.

இழப்பு வேறிடத்தில் நேர்கிறது. டிஎக்ஸ்7இல் இசைஞர் தாமே அமைத்துச் சேமித்த 32 ஒலிகளும் ஒரு சிறு மின்கலத்தின் தயவில் வாழ்பவை. மின்கலம் தீர்ந்தால் அவை சுவடின்றி மறையும். பெங்களூரை அடுத்த தாபஸ்பேட்டையில் 2005 முதல் இயங்கும் ஈ-பரிசரா போன்ற மின்கழிவு ஆலைகள் செம்பையும் பொன்னையும் மீட்டெடுக்கும். ஒலியை மீட்டெடுக்க அவற்றால் இயலாது. கருவியைக் கைவிடுமுன் ஒரு மிடி வடத்தால் அவ்வொலிகளைக் கணினிக்கு மாற்றிவிடலாம். சில நிமிட வேலைதான். அதைச் செய்யாமல் போனால், ஒரு தலைமுறை இசைஞர்கள் தேடித்தேடி அமைத்த ஒலிகளுக்கு வரலாற்றில் சான்றே இராது.