555 புத்தகமும் நம்ம கோயில் வாசல் கடைகளும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படிங்க.

போன வாரம் கோயில் வாசலில் பூமாலை கட்டும் அக்கா எங்களைக் கூப்பிட்டு, "தம்பிங்களா, போன திருவிழா மாலைக் காசு இன்னும் வரலையே?" என்று கேட்டார். எங்களுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அன்று இரவு அன்னதானப் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்தபோது எங்கள் பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான். அப்படியே பழைய காலத்துக்கும் போனது.

நம்ம தாத்தா பாட்டி காலத்தில் ஒரு பெரிய பஞ்சம் வந்தது. உலக வியாபாரம் படுத்துவிட்டது. 1929-ல் பவுண்டு 34 காசு அளவில் விற்ற மலாயா ரப்பர், 1932-ல் சராசரி 7 காசுக்கு இறங்கியது. முக்கியமான தோட்டப் பகுதிகளில் ஆண்களுக்கு 50 காசாக இருந்த நாள் சம்பளம், 1930-ல் 40 காசு ஆனது. வேலை இல்லாமல் ஒரு லட்சத்துக்கும் அதிகமான நம் மக்கள் கப்பல் ஏற்றித் தமிழ்நாட்டுக்கே அனுப்பப்பட்டார்கள். இங்கேயே தங்கியவர்களுக்கு அரிசியும் உப்பும் கருவாடும் எங்கிருந்து வந்தது? தோட்டத்துக் கடையிலிருந்து கடனுக்குத்தான் வந்தது.

அதற்குப் பிறகு வந்த தலைமுறைக்கு 555 புத்தகம் நல்லா ஞாபகம் இருக்கும். சட்டைப் பையில் அடங்குகிற சின்ன நோட்டு, அட்டையில் 555 என்று போட்டிருக்கும். அம்மா அதைக் கொடுத்து அனுப்புவார். கடைக்காரர் சாமானையும் விலையையும் எழுதி, தன் பேரேட்டிலும் ஒரு வரி எழுதிக்கொள்வார். சம்பள நாளில் கணக்கு முடியும். முடியாவிட்டால் மீதி அடுத்த மாதத்துக்குப் போகும். பாரம் இல்லை, ஜாமீன் இல்லை. முகத்தைப் பார்த்துக் கொடுத்த கடன் அது.

எல்லாக் கடையும் நேர்மை என்று சொல்ல வரவில்லை. கடன் சாமானுக்கு விலையைக் கூட்டிப் போட்டவர்களும் இருந்தார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர் கணக்கில் ஒரு வரி சேர்த்து எழுதியவர்களும் இருந்தார்கள். பெரியவர்கள் அதையும் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் மழைக்காலத்தில் மரம் வெட்ட முடியாமல் சம்பளம் குறைந்தபோது அடுப்பு எரிந்தது அந்தக் கடைகளால்தான்.

அடுத்த அடி எங்கள் காலத்திலேயே விழுந்தது. 1997 நடுவில் ஒரு அமெரிக்க டாலருக்கு நம்ம வெள்ளி இரண்டரை. 1998 ஜனவரியில் அது 4 வெள்ளி 80 காசையும் தாண்டியது. அந்த செப்டம்பரில் அரசாங்கம் 3 வெள்ளி 80 காசு என்று கட்டிப் போட்டது. அந்த ஆண்டு நாட்டின் பொருளாதாரம் 7 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது. பேக்டரியில் ஓவர்டைம் நின்றது, ஆட்களைக் குறைத்தார்கள். எங்களில் பலருக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகி, கைக்குழந்தை இருந்த நேரம். பால் மாவை, "பிறகு கொடுங்க தம்பி" என்று எடுத்துக் கொடுத்தவர் முக்குக் கடைக்காரர். பேரங்காடியில் அப்படிக் கேட்க முடியுமா?

பிறகு 2020 மார்ச் 18. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து கோயில் கதவு சாத்தப்பட்டது. 2021 தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடி இல்லை. நமக்கு அது மன வேதனை. பூ, தேங்காய், பால்குடம், கற்பூரம் விற்கிறவர்களுக்கு அது வருஷச் சாப்பாடு. அதே 2021 நடுவில், உதவி வேண்டும் என்று மக்கள் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டினார்கள். அப்போது சாப்பாடும் அரிசியும் கொடுத்தவர்களில் நஷ்டத்தில் இருந்த சின்னக் கடைக்காரர்களும் ஒட்டுக்கடைக்காரர்களும் உண்டு.

இப்போது யோசித்துப் பாருங்கள். கஷ்ட காலத்தில் நாம் அவர்களிடம் கடன் வாங்கினோம். இன்றைக்கு விலைவாசி ஏறி, அவர்களுக்குக் கஷ்டம் வந்திருக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? "கோயிலுக்குத்தானே, குறைச்சுப் போடுங்க" என்கிறோம். அதையும் பிறகு தருகிறோம் என்கிறோம். பூ நாளைக்கு வாடிப்போகும். மொத்த வியாபாரி அந்த அக்காவுக்குத் தவணை தருவதில்லை. நாம் இழுத்தடிக்கிற 200 வெள்ளிதான் அவருடைய அடுத்த வார முதல்.

மாதச் சாமானைப் பேரங்காடியில் வாங்குகிறவர்களைக் குறை சொல்லவில்லை. குடும்பம் நடத்துகிறவர்களுக்கு ஒவ்வொரு காசும் முக்கியம். ஆனால் அர்ச்சனைத் தட்டு, மாலை, வெற்றிலை, விசேஷத்துக்குப் பலகாரம், இவற்றையாவது பக்கத்துக் கடையில் வாங்குவோம். பேரம் பேசாமல், கையோடு காசு கொடுப்போம். உபயக்காரர்கள் மாலைக் காசைத் திருவிழா முடியும் வரை வைத்திருக்காமல் முன்பணமாகவே தந்தால் இன்னும் நல்லது.

எங்கள் பங்கை முதலில் செய்துவிட்டோம். தொண்டர்கள் நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அக்காவின் பாக்கியை வியாழக்கிழமை தீர்த்தோம். நிர்வாகத்திடம் பிறகு கணக்குப் பார்த்துக்கொள்வோம். காசை எண்ணாமலே மடியில் வைத்துக்கொண்டு, "அம்மாளுக்கு" என்று ஒரு முழம் மல்லிகையைச் சும்மா நீட்டினார். நாங்கள் அதற்கும் காசு கொடுத்துவிட்டுத்தான் வாங்கினோம்.

உங்கள் வீட்டில் பழைய 555 புத்தகம் இருந்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். யார் கொடுத்த அரிசியில் வளர்ந்தோம் என்று அவர்களும் தெரிஞ்சுக்கட்டும்.

ஓம் சக்தி.