கம்பி இல்லாத போனும் கரண்ட் இல்லாத ஊரும்



"வீட்டுக் கோட்லெஸ் போன் பழுதாப்போச்சு, எதை வாங்கினால் நின்று பிடிக்கும்?" இந்தக் கேள்வியை மாணவர்களின் பெற்றோர் அடிக்கடி கேட்கிறார்கள். ஒரு கம்பனிப் பெயரைச் சொல்லிக் கதையை முடித்துவிடலாம். ஆனால் கேட்பவர்களில் பலருடைய வீட்டில் வயது போனவர்கள் தனியாக இருக்கிறார்கள். பிள்ளைகள் பாரிசிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். தொடுதிரை பழக்கமில்லாத அம்மாவுக்கு இரவில் நெஞ்சு நோ வந்தால், பொத்தான் அமத்திக் கதைக்கும் அந்த ஒரு போன்தான் துணை. அதனால் கொஞ்சம் வரலாறு சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறோம். பதில் அந்த வரலாற்றுக்குள்தான் இருக்கிறது.

கோட்லெஸ் போனுக்கான ஆரம்பகாலக் காப்புரிமைகளில் ஒன்றை அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் ஸ்வைகெர்ட் 1969இல் பெற்றார். இரண்டாம் உலகப் போரில் வானொலிக் கருவி இயக்கியவர் அவர். அவருடைய யோசனை எளிமையானது. சுவரில் வரும் தொலைபேசிக் கம்பி ஒரு பெட்டியோடு நிற்கும். பெட்டிக்கும் கையில் இருக்கும் கருவிக்கும் இடையில் மட்டும் வானலை வேலை செய்யும். அந்தப் பெட்டியைத்தான் நாங்கள் 'பேஸ்' என்கிறோம். இன்றைக்கு விற்கும் கோட்லெஸ் போனும் அடிப்படையில் இதேதான். கம்பி இல்லாதது கைக்கருவிக்கு மட்டும். பேஸுக்கு இரண்டு கம்பி வேண்டும்: ஒன்று தொலைபேசிக் கம்பி, மற்றது கரண்ட் கம்பி. இந்த இரண்டாவது கம்பியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1980களில் மேல்நாட்டு வீடுகளுக்குள் கோட்லெஸ் பரவியது. முதலில் வந்தவற்றில் சில, வானொலியின் மத்திய அலை முடியும் இடத்துக்குச் சற்று மேலே வேலை செய்தன. பக்கத்து வீட்டு வானொலியில் உங்கள் கதை கேட்கும். 1990களில் ஐரோப்பாவில் டெக்ட் என்ற எண்ணிம முறை வந்தபின்தான் இந்தத் தொல்லை குறைந்தது.

அந்தக் காலத்தில் நாங்கள் எங்கே இருந்தோம்? 1989இல் கொழும்பில் செல்டெல் நிறுவனம் கைபேசிச் சேவையைத் தொடங்கியது. அடுத்த வருடம், 1990இல், யாழ்ப்பாணத்துக்கு வந்த மின்சாரம் நின்றது. தெற்கோடு இருந்த தொலைபேசித் தொடர்பும் அறுந்தது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெயும் திரியும் வைத்துப் படித்த தலைமுறை இன்றைக்கும் எங்களோடு இருக்கிறது. பொருளாதாரத் தடையில் பற்றறியும் ஒரு தடைப்பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்ட ஊர் இது.

1990 ஒக்டோபர் 30இல் எங்கள் முஸ்லிம் சமூகம் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30இல், வலிகாமம் முழுவதும் இரவோடிரவாகத் தென்மராட்சி நோக்கி நடந்தது. இரண்டு தடவையும் யார் எங்கே இருக்கிறார், உயிரோடு இருக்கிறாரா என்று விசாரிக்க ஒரு போன் இல்லை. புத்தளத்துக்குப் போனவர்களுக்கும் கைதடியில் நின்றவர்களுக்கும் கடிதமும் வாய்வழிச் செய்தியும்தான் வழி. எங்கள் ஊர்களில் போன் அடித்தால் பெரியவர்கள் இன்றைக்கும் ஓடிப்போய் எடுப்பதற்குக் காரணம் இதுதான்.

1991இல் தொலைத்தொடர்புத் திணைக்களம் கூட்டுத்தாபனமாகி, 1996இல் ஸ்ரீலங்கா ரெலிகொம் கம்பனியானது. 1997இல் அதன் 35 வீதப் பங்கை ஜப்பானின் என்ரிரி நிறுவனம் வாங்கியது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை, ஏப்ரலில் ஏ9 பாதை திறப்பு. வெளிநாட்டு உறவுகள் ஊர் பார்க்க வந்தார்கள். சொக்லேற், சென்ற் போத்தலோடு பெட்டிக்குள் கோட்லெஸ் போனும் வந்தது. கிணற்றடியிலும் வளவுக்குள்ளும் நின்று லண்டனோடு கதைப்பது அப்போது பெரிய அதிசயம்.

ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பலர் கவனிக்கவில்லை. எங்கள் மின்சாரம் 230 வோல்ற். பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், நோர்வே, லண்டன் எல்லாம் ஏறக்குறைய அதேதான். கனடாவில் 120 வோல்ற். 120 வோல்ற்றுக்கு மட்டும் செய்த அடப்டரை இங்கே செருகினால் கருகிவிடும். "கனடாப் போன் சரியில்லை" என்ற பேச்சு பெரும்பாலும் இப்படிப் பிறந்தது. இன்னொன்றும் உண்டு. ஐரோப்பிய டெக்ட் போன் 1880 முதல் 1900 மெகாஹேட்ஸ் வரை வேலை செய்யும். 2005இலிருந்து வட அமெரிக்காவில் விற்கும் 'டெக்ட் 6.0' போன் 1920 முதல் 1930 வரை வேலை செய்யும். அது எங்கள் பக்கம் கைபேசி வலையமைப்புகளுக்கு உரிய இடம். இரண்டும் ஒன்றையொன்று குழப்பும். ஆகவே கனடாவிலிருந்து மகன் அனுப்பினாலும், அன்பை எடுத்துக்கொண்டு போனைத் திருப்பி அனுப்புவதுதான் புத்தி.

2000களின் பிற்பாதியில் சிடிஎம்ஏ போன்கள் வந்தன. அவையும் கம்பி இல்லாதவை என்பதால் பலர் அவற்றையும் கோட்லெஸ் என்றே சொன்னார்கள். உண்மையில் அவை நேரே கோபுரத்தோடு கதைப்பவை. கோபுரம் நின்றால் போனும் நின்றது. 2006 ஓகஸ்டில் ஏ9 மூடப்பட்டு, கைபேசிகளும் ஊமையான நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

பிறகு 2022. மார்ச் மாத முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. கைக்கருவியில் சார்ஜ் நிறைய இருந்தும் கோட்லெஸ் போன்கள் வேலை செய்யவில்லை. காரணம் பேஸ். கரண்ட் இல்லாத பேஸ், ஆள் இல்லாத தபால் கந்தோர். அதே நேரம் செப்புக் கம்பி இணைப்பு இருந்த வீடுகளில், மூலையில் கிடந்த பழைய கம்பிப் போன் அடித்தது. அதற்கு வேண்டிய சிறு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்து, அந்தக் கம்பி வழியாகவே வருகிறது.

இந்த வரலாறு சொல்வது ஒன்றுதான்: எங்கள் ஊரில் போனின் நம்பிக்கை அதன் பெயரில் இல்லை, அதற்கு உயிர் கொடுக்கும் மின்சாரத்தில் இருக்கிறது. இனிப் பதில்.

முதலில், பழுது எங்கே என்று பாருங்கள். அயலில் ஒரு கம்பிப் போனை வாங்கி நேரே சுவர் இணைப்பில் செருகுங்கள். அதிலும் இரைச்சல் கேட்டால் பழுது லைனில். புதுப் போன் வாங்கிப் பயனில்லை. இரைச்சல் இல்லாமல், கோட்லெஸ் கொஞ்ச நேரம் கதைத்ததும் செத்துப்போனால் பெரும்பாலும் பற்றறி. அது சில வருடங்களில் களைத்துவிடும். மாற்றினால் போதும். ரோர்ச்சுக்குப் போடும் சாதாரண பற்றறியை மட்டும் சார்ஜ் ஏறும் போனில் போடாதீர்கள். அது ஒழுகும், வெடிக்கவும் கூடும்.

புதிதாக வாங்குவதென்றால் ஐரோப்பிய டெக்ட் முறை, 230 வோல்ற் அடப்டர், கடையில் தனியாகக் கிடைக்கும் டிரிப்பிள் ஏ அளவு சார்ஜ் பற்றறி, பெரிய பொத்தான், உள்ளூரில் உத்தரவாதம் ஆகிய ஐந்தையும் பாருங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் உண்டா என்றும் கடைக்காரரிடம் கேளுங்கள். கரண்ட் போனால் பேஸில் வைத்த கைக்கருவியின் பற்றறியே பேஸை இயக்கும் மாதிரிகளும் சில உண்டு. கிடைத்தால் அதை எடுங்கள்.

கோட்லெஸ் வாங்கினாலும் செப்புக் கம்பி இணைப்புள்ள வீட்டில் ஒரு கம்பிப் போனை எறியாமல் வையுங்கள். பைபர் இணைப்புக்கு மாறியவர்களுக்கு இதுவும் போதாது. சுவரில் பூட்டிய பைபர் பெட்டிக்கும் கரண்ட் வேண்டும். அதற்கும் பேஸுக்கும் வோல்ற் பொருந்துகிற சிறிய யூபிஎஸ் தேவை.

எந்தப் போன் வைத்திருந்தாலும் இன்று பின்னேரம் ஒரு சோதனை செய்யுங்கள். வீட்டு மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு, கைபேசியிலிருந்து வீட்டு இலக்கத்துக்கு எடுங்கள். மணி அடித்து, அம்மா எடுத்து "ஆர் கதைக்கிறது?" என்று கேட்டால் உங்கள் போன் நல்ல போன். அடிக்காவிட்டால், அடுத்த மின்வெட்டுக்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

தனியே இருக்கும் பெரியவர்களின் பிள்ளைகளுக்கு இதைப் பகிருங்கள். சோதனையில் என்ன நடந்தது என்று கீழே எழுதுங்கள்.