மண்ணுக்குள் நின்ற தூண்கள்

மண்ணுக்கு மேல் நிற்பதே பூகம்பத்தில் ஆடி விழும். மண்ணுக்குள் இருப்பது மண்ணோடு அசைந்து பிழைத்துக்கொள்ளும் என்பது பொறியியல் அறிஞரின் நெடுநாளைய நம்பிக்கை. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆழத்தில் குடைந்த வட்டச் சுரங்கங்கள் பல பூகம்பங்களைத் தாங்கி நின்றிருக்கின்றன.

1995ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் விடியற்காலையில் ஜப்பானின் கோபே நகரம் குலுங்கிற்று. ஆறாயிரவருக்கு மேல் மாண்டனர். அங்கு டைகாய் என்னும் நிலத்தடி இரயில் நிலையத்தில் நடுவரிசைத் தூண்கள் முப்பதுக்கு மேல் நொறுங்கின. கூரை அமிழ, மேலே கிடந்த சாலை ஏறத்தாழ 2.5 மீட்டர் கீழிறங்கிற்று. 1960களில் நிலத்தை மேலிருந்து வெட்டி, பெட்டி போலக் கட்டி, மண் மூடிய நிலையம் அது.

மாணவர்களே, தீப்பெட்டியின் உள்தட்டை எடுத்துவிட்டுக் கூட்டை மட்டும் மேசைமேல் வைத்து, மேற்பக்கத்தை விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். செவ்வகம் இணைகரமாகச் சாயும். வகுப்பில் கரும்பலகையைவிட இதுவே எனக்கு உதவியது! பூகம்பத்தில் மேல்மண் அடிமண்ணைவிட மிகுதியாக அசைகிறது. நிலையமும் அவ்வாறே சாய்ந்தது. தலைமேல் மண்சுமை அழுத்திற்று. தூண்களிலோ போதிய குறுக்குக் கம்பிகள் இல்லை.

இதனைப் பின்னர்க் கணிப்பொறியில் மீண்டும் நிகழ்த்திக் கண்டனர். மண்ணையும் நிலையத்தையும் சிறு சிறு துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் எடையும் விறைப்பும் குறித்து, பதிவான அதிர்ச்சியை அடியிலிருந்து செலுத்தி, நொடியின் சிறு கூறுதோறும் கணக்கிடுவர். இம்முறைக்கு 1960இல் பெயர் சூட்டியவர் அமெரிக்கப் பேராசிரியர் ரே கிளஃப். 1967இல் பூகம்பத்தால் விரிசல் கண்ட நம் கொய்னா அணையை அனில் சோப்ராவும் சக ஆய்வாளரும் 1973இல் இவ்வாறே ஆராய்ந்தனர். சரிவு திடீரென மாறும் இடத்தில் இழுவிசை மிகும் என்றது கணக்கு. விரிசலும் அங்கேதான் இருந்தது.

சென்னைக்கு இக்கணக்கு எதற்கு என்பீர்கள். 2002இல் நம் நகரம் இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. 2017இல் நிலத்தடி மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கியது. நான் வாழும் நாவலூரில் சாலை நடுவே புதிய தடத்தின் தூண்கள் எழுந்திருக்கின்றன. மாதவரத்தையும் சிறுசேரியையும் இணைக்கும் அதே தடம் நகருக்குள் மண்ணுக்கடியில் செல்கிறது. ஒரே தடந்தான், ஆயினும் கேள்விகள் இரண்டு. நாவலூரில், தூணின் தலைமேலுள்ள கனம் எவ்வளவு ஆடும் என்று கேட்க வேண்டும். நகருக்குள், நிலையத்தைச் சூழ்ந்த மண் எவ்வளவு சாயும் என்று கேட்க வேண்டும்.