லியோ என்றொரு பதவி: எம்.ஜி.எம். சிங்கச் சின்னத்தின் நூறாண்டு

1939இல் வெளியான ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படம் தொடங்கும்போது பழுப்பேறிய திரையில் ஒரு சிங்கம் கர்ஜிக்கிறது. அதன் பெயர் ஜாக்கி. படம் அரங்குகளுக்கு வந்தபோது ஜாக்கி இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. செத்த பிறகும் 1956 வரை அது எம்.ஜி.எம். நிறுவனத்தின் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வாசற்காவல் நின்றது. பார்வையாளர்களுக்கு ஜாக்கி என்ற பெயரே தெரியாது. அவர்களுக்கு அது லியோ. அதற்கு முன்னால் நின்றதும் லியோ, பின்னால் வந்ததும் லியோ.

மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் சின்னத்தை ஆராயப் புகுபவருக்கு முதல் இடறல் இந்தப் பெயர்தான். லியோ என்பதை ஒரு பதவியின் பெயராகக் கொண்டால் குழப்பம் பாதி தீரும். வழக்கமான கணக்கின்படி அந்தப் பதவியில் ஏழு சிங்கங்கள் இருந்திருக்கின்றன: ஸ்லாட்ஸ், ஜாக்கி, டெல்லி, காஃபி, டேனர், ஜார்ஜ், கடைசியாக உண்மையிலேயே லியோ என்று பெயர் கொண்ட ஒன்று. ஒருவர் போய் ஒருவர் வந்தார் என்ற வரிசையும் இங்கே கிடையாது. ஒரே காலத்தில் இரண்டு சிங்கங்கள் வேலை பார்த்திருக்கின்றன. இதற்கெல்லாம் காரணம் யாருடைய ஓவிய ரசனையும் அல்ல. சினிமா இயந்திரம் மாறியபோதெல்லாம் சின்னம் மாறியது என்பதே இக்கட்டுரையின் வாதம். அப்படி மாறிய ஒவ்வொரு முறையும் உயிருள்ள விலங்கின் பங்கு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தும் வந்திருக்கிறது.

சின்னம் பிறந்தபோது எம்.ஜி.எம். என்ற நிறுவனமே இல்லை. 1916இல் சாமுவேல் கோல்ட்ஃபிஷ் என்ற தயாரிப்பாளர் செல்வின் சகோதரர்களோடு கூட்டுச் சேர்ந்தார். இரண்டு குடும்பப் பெயர்களையும் வெட்டி ஒட்டியதில் கோல்ட்வின் பிக்சர்ஸ் உருவானது. அந்தப் பெயர் பிடித்துப்போய்த் தன் பெயரையும் கோல்ட்வின் என்று மாற்றிக்கொண்டார். விளம்பரத் துறையில் இருந்த ஹோவர்ட் டீட்ஸ் என்ற இளைஞர் நிறுவனத்துக்குச் சின்னம் அமைத்துக் கொடுத்தார். பின்னாளில் எம்.ஜி.எம். விளம்பரப் பிரிவின் தலைவராகவும் பிராட்வே பாடலாசிரியராகவும் பெயர் வாங்கியவர் இவர். தான் படித்த கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சிங்கத்தை நினைத்துத்தான் இந்தச் சிங்கத்தை வைத்தார் என்பது பரவலாக ஏற்கப்படும் செய்தி.

ஆனால் கொலம்பியாவின் ‘ரோர், லயன், ரோர்’ என்ற பாட்டே சிங்கச் சின்னத்துக்குத் தூண்டுதல் என்று கூடவே சொல்லப்படுவதை ஏற்க முடியாது. கொலம்பியா சிங்கத்தைச் சின்னமாக்கிக்கொண்டது 1910இல். அந்தப் பாட்டு எழுதப்பட்டது 1923இல். 1917இல் ‘பாலி ஆஃப் தி சர்க்கஸ்’ படத்திலேயே திரைக்கு வந்துவிட்ட சின்னத்துக்கு, ஆறு ஆண்டு கழித்துப் பிறந்த பாட்டு எப்படித் தூண்டுதலாகும்? பழைய நினைவுகளைக் கோத்துச் சொல்லும்போது பின்னால் நடந்தது முன்னால் வந்து நின்றுவிடுகிறது.

சிங்கத்தின் தலையைச் சுற்றிப் படச்சுருள் வளையம், கீழே நாடக முகமூடி, வளையத்தின் மேல் ‘ஆர்ஸ் கிராட்டியா ஆர்ட்டிஸ்’ என்ற லத்தீன் வாசகம். கலைக்காகவே கலை என்ற பொருளில் டீட்ஸ் அதை அமைத்தார். லத்தீனில் ‘கிராட்டியா’ தான் சேரும் சொல்லுக்குப் பின்னால்தான் வழக்கமாக வரும். ‘ஆர்ஸ் ஆர்ட்டிஸ் கிராட்டியா’ என்று இருந்திருக்க வேண்டும். வளையத்துக்குள் அழகாக உட்காருவதற்கு இலக்கணம் சற்று விட்டுக்கொடுத்தது போலும். லாபக் கணக்கை மட்டுமே நம்பிய ஒரு தொழிலின் நெற்றியில் அப்படியொரு வாசகம் நூறாண்டு ஒட்டிக்கொண்டிருப்பது தனி வேடிக்கை.

1924இல் அரங்க முதலாளி மார்கஸ் லோ மூன்று நிறுவனங்களை இணைத்தார். கோல்ட்வின் பிக்சர்ஸோடு சிங்கமும் வந்தது. சாமுவேல் கோல்ட்வின் வரவில்லை. அவரை 1922லேயே கூட்டாளிகள் வெளியேற்றியிருந்தார்கள். எம்.ஜி.எம். பெயரின் நடு எழுத்துக்கு உரியவர் அந்த நிறுவனத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை.

புதிய நிறுவனத்தின் முதல் சிங்கம் ஸ்லாட்ஸ். 1919 மார்ச் 20 அன்று அயர்லாந்தின் டப்ளின் மிருகக்காட்சி சாலையில் பிறந்தது. அங்கே அதற்கு வைத்த பெயர் கெய்ர்ப்ரே. சிங்கக் குட்டிகளை வளர்த்து வெளிநாடுகளுக்கு அனுப்புவதில் டப்ளின் அந்தக் காலத்திலேயே பேர்போனது. திரையில் ஸ்லாட்ஸ் இப்படியும் அப்படியும் பார்க்கும், அவ்வளவுதான். ஊமைப்படக் காலத்தில் வாயைத் திறந்து என்ன பயன்?

ஸ்லாட்ஸின் முடிவைத் தேடினால் பெயர்க் குழப்பத்தின் விளைவு தெரியும். நியூ ஜெர்சி மாநிலத்தின் கில்லெட் என்ற ஊரில், பயிற்சியாளர் வால்னி ஃபைஃபரின் பண்ணை இருந்த இடத்தில் லியோவைப் புதைத்ததாகச் சொல்கிறார்கள். கன்சாஸ் மாநிலத்தின் மெக்பெர்சன் அருங்காட்சியகத்திலோ லியோவின் பதம் செய்த தோல் என்று ஒன்று இருக்கிறது. இரண்டும் ஸ்லாட்ஸ் கணக்கிலேயே எழுதப்படுகின்றன. எல்லாச் சிங்கத்துக்கும் ஒரே பெயர் சூட்டிய விளம்பரப் பிரிவு, பின்னால் வரும் ஆய்வாளரைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க நியாயமில்லை.

அந்தப் பிரிவின் துணிச்சலுக்கு 1927 செப்டம்பரில் நடந்த ஒரு சம்பவம் போதும். நிறுவனத்தின் சிங்கம் ஒன்றைக் கண்ணாடி பதித்த கூண்டில் அடைத்து, சின்ன விமானத்தில் ஏற்றி, சான் டியேகோவிலிருந்து நியூயார்க்குக்கு நிற்காமல் பறக்கவிட்டார்கள். ஓட்டியவர் மார்ட்டின் ஜென்சன். முந்தைய மாதம் ஹவாய்க்கு நடந்த விமானப் போட்டியில் இரண்டாவதாக வந்தவர். அரிசோனாவின் மலைப்பகுதியில் விமானம் விழுந்தது. ஜென்சன் நாள்கணக்கில் நடந்து ஆள்நடமாட்டம் உள்ள இடத்தை அடைந்தார். திரும்பிப் போய்ப் பார்த்தபோது சிங்கம் உயிரோடு இருந்தது. செய்தித்தாள்கள் விடுமா? பறந்து முடித்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய விளம்பரத்தைவிட விழுந்ததால் கிடைத்தது அதிகம்.

1928 ஜூலை 31 அன்று ‘ஒயிட் ஷேடோஸ் இன் தி சவுத் சீஸ்’ வெளியானது. எம்.ஜி.எம்.மின் முதல் ஒலிப்படம். அதில்தான் சிங்கத்தின் குரல் முதன்முதலாகக் கேட்டது. படச்சுருளில் ஒலி இல்லை. அரங்கில் ஒலித்தட்டைச் சுழலவிட்டுப் படத்தோடு பொருத்தினார்கள். குரல் கொடுத்தது ஜாக்கி. மெல்லிய உறுமல், அதைவிட உரத்த கர்ஜனை, சிறு இடைவெளி, இன்னொரு உறுமல், பிறகு பார்வை திரையின் வலப்பக்கம் போகும். இந்தச் சில நொடிகள்தான் பார்வையாளர் மனத்தில் சின்னத்தின் இலக்கணமாகப் பதிந்தன. ஒலி வராதிருந்தால் இது இன்னொரு படமுத்திரையாகவே போயிருக்கும் என்பது என் எண்ணம்.

அடுத்த நெருக்கடி வண்ணத்தால் வந்தது. சிவப்பும் பச்சையும் மட்டுமே பதிவாகும் இருவண்ண டெக்னிகலருக்கு டெல்லியும் அதன்பின் காஃபியும் நின்றன. மூவண்ண முறை வந்ததும் 1934 முதல் டேனர். கறுப்பு வெள்ளைக்கு ஜாக்கி, வண்ணத்துக்கு டேனர் என்று இருபது ஆண்டுக்கு மேல் இந்த இரட்டை ஆட்சி நடந்தது. 1956இல் அடர்ந்த பிடரியோடு வந்த ஜார்ஜ் இரண்டே ஆண்டு தாக்குப்பிடித்தது. 1957இல் படமெடுக்கப்பட்ட லியோவுக்குப் பிடரி இன்னும் முழுதாக வளரவில்லை. ஏழில் அதுவே வயதில் இளையது. பதவியில் நீண்ட நாள் இருந்ததும் அதுதான், 64 ஆண்டுகள்.

சிங்கம் வாய்மூடி இருக்க வேண்டிய இடமும் வந்தது. ‘பென்-ஹர்’ (1959) இயேசு பிறப்புக் காட்சியோடு தொடங்குகிறது. அதற்கு முன்னால் ஒரு கர்ஜனை பொருந்தாது என்று இயக்குநர் வில்லியம் வைலர் கருதினார். அசையாத படமாக மட்டும் சிங்கம் காட்டப்பட்டது. 1966இல் நிறுவனமே சிங்கத்தைச் சில கோடுகளாகச் சுருக்கிய நவீன வட்டச் சின்னத்தை முயன்று பார்த்தது. ‘கிராண்ட் ப்ரீ’, ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ போன்ற சில படங்களோடு அது திரையிலிருந்து போய்விட்டது. உயிரில்லாத சிங்கத்தை அன்றைய பார்வையாளர் ஏற்கவில்லை என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்த முடிவை 2021இல் வந்த சின்னம் மறுக்கிறது.

நிறுவனம் தொழிலதிபர் கிர்க் கெர்க்கோரியன் கைக்குப் போன பிறகு சிங்கம் சூதாட்ட விடுதிக்கும் குடியேறியது. 1993இல் லாஸ் வேகாஸில் திறந்த எம்.ஜி.எம். கிராண்டில் விருந்தினர்கள் பிரமாண்டமான சிங்கத்தின் திறந்த வாய்க்குள் நுழைய வேண்டும். சிங்கத்தின் வாய்க்குள் போனால் துட்டு திரும்பாது என்று ஆசிய நாட்டு ஆட்டக்காரர்கள் ஒதுங்கினார்கள். சில ஆண்டுகளில் வாயை இடித்துவிட்டு, 45 அடி உயர வெண்கலச் சிங்கத்தை வெளியே நிறுத்தினார்கள். சகுனம் பார்த்தவர்கள் பக்கம் கணக்குத் தெளிவாகவே இருந்தது.

குரலின் கதைக்கு வருவோம். 1982இல் ‘போல்டர்கைஸ்ட்’ படத்துக்கு ஒலி அமைத்த மார்க் மான்ஜினி, பழைய கர்ஜனையைப் புதிதாக உருவாக்க முனைந்தார். அவர் சேர்த்தது புலியின் குரல். நிஜச் சிங்கத்தின் சத்தம் திரைக்குப் போதுமான மூர்க்கத்தோடு இல்லை என்பது அவர் கருத்து. நம் மரபில் சிங்கம் முழங்கும், புலி உறுமும் என்று பள்ளியிலேயே பிரித்துச் சொல்லித்தருகிறார்கள். ஹாலிவுட் இரண்டையும் ஒரே வாயில் வைத்தது. 1986இல் அமெரிக்காவில் ஒலி வணிகக்குறியாகப் பதிவானபோது, அது கர்ஜிக்கும் சிங்கம் என்றே விவரிக்கப்பட்டது. அரங்குகளில் அப்போது ஒலித்துக்கொண்டிருந்ததோ புலி.

ஒலியைக் காகிதத்தில் பதிவது எளிதாக இல்லை. ஐரோப்பியப் பதிவு அலுவலகத்தின் மேல்முறையீட்டுக் குழு, கர்ஜனையின் ஒலி வரைபடத்தில் நேரத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் அளவுகோல் இல்லை என்று 2003இல் நிராகரித்தது. கனடாவில் 1992இல் கொடுத்த விண்ணப்பம் நீதிமன்றம்வரை போய் 2012இல்தான் ஏற்கப்பட்டது. அந்நாட்டில் ஒலிக்குறிகளுக்கே கதவு திறந்தது இந்த வழக்கால்தான்.

குரல் போனது. அடுத்து உடல். அமேசான் நிறுவனம் 845 கோடி டாலருக்கு எம்.ஜி.எம்.மை வாங்கப்போவதாக அறிவித்தது 2021 மே மாதம். அதற்கு இரண்டு மாதம் முன்பே புதிய சின்னம் வெளியாகிவிட்டது. அதில் இருப்பது முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரில் வரைந்த சிங்கம். 1957ஆம் ஆண்டின் லியோவை முன்மாதிரியாக வைத்து ஒவ்வொரு மயிரிழையாகக் கட்டினார்கள். திரையில் வளையம் பொன்னிறமாக மின்ன, வாசகம் முதலில் ஆங்கிலத்தில் தெரிகிறது. பிறகு எழுத்துகள் புரண்டு லத்தீனாகின்றன. டீட்ஸ் எழுதிய அதே மூன்று சொற்கள், அதே வரிசைப் பிசகோடு.