வீட்டுக்குள் ஒரு மெய்நிகர் சேர்வர்: எதை வாங்குவது, எதை நிறுவுவது?

வன்னியில் பல வீடுகளில் ஒரு பொலித்தீன் பை இருக்கிறது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், இடம்பெயர்ந்த காலத்துக் குடும்ப அட்டை, நாலைந்து படங்கள் அதற்குள் இருக்கும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களிடம் பை இன்னும் கனமானது. செஞ்சிலுவைச் சங்கம், மனித உரிமைகள் ஆணைக்குழு, பரணகம ஆணைக்குழு, பின்னர் காணாமல் போனோர் அலுவலகம் என்று ஒவ்வோரிடத்திலும் கொடுத்த முறைப்பாட்டின் பிரதிகள் அதில் சேர்ந்திருக்கும். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசாமி கோவில் முன்பாகத் தொடங்கிய போராட்டத்தின் படங்களும் காணொளிகளும் பலரது கைத்தொலைபேசிகளில் சிதறிக் கிடக்கின்றன. தொலைபேசி பழுதானால் அவையும் போய்விடும்.

இவற்றை வீட்டிலேயே ஒழுங்காக வைத்திருக்க ஒரு சிறு சேர்வர் போதும். அதையே மெய்நிகராக்கத்துடன் அமைத்தால் ஒரே பெட்டிக்குள் பல கணினிகள் இயங்கும். ஒன்றில் ஆவணங்கள், ஒன்றில் படங்கள், இன்னொன்றில் பிள்ளைகள் லினக்ஸ் பழகலாம். பிள்ளை தன் கணினியைக் குழப்பினாலும் அம்மாவின் ஆவணங்களுக்கு ஒன்றும் ஆகாது.

முதலில் மின்சாரக் கணக்கு. நிறுவனங்கள் கழித்துவிட்ட பெரிய சேர்வர்கள் மலிவாகக் கிடைக்கும்போது ஆசை வரும். 150 வாற் இழுக்கும் ஒரு பெட்டி 24 மணிநேரமும் ஓடினால் மாதம் 108 அலகு. எங்கள் கட்டண முறையில் அலகு கூடக் கூட ஓர் அலகின் விலையும் நிலையான கட்டணமும் ஏறும். அந்தப் பெட்டி வீட்டு மின்பட்டியல் முழுவதையுமே மேல் படிக்குத் தள்ளிவிடும். சராசரி 20 வாற் எடுக்கும் சிறு கணினி மாதம் 14.4 அலகோடு நின்றுவிடும். இரைச்சலும் இல்லை.

ஆகவே தேட வேண்டியது மீள்புதுப்பிக்கப்பட்ட அலுவலகச் சிறு கணினி: டெல் ஒப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி, லெனோவோ திங்க்சென்டர் டைனி. இன்டெல் 8 ஆம் தலைமுறை ஐ5-8500டி 6 கருக்கள் கொண்டது. காசு போதாவிட்டால் 6 ஆம் தலைமுறை ஐ5-6500டி (4 கருக்கள்) கூடத் தொடக்கத்துக்குக் காணும். கடையிலேயே இயக்கி, பயோசுக்குள் போய், இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்ற வசதி இருக்கிறதா, அதைத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். பழைய உரிமையாளர் கடவுச்சொல் போட்டுப் பூட்டிய பயோஸ் என்றால் வாங்காதீர்கள்.

பணத்தைப் புரொசசரில் கொட்டாமல் ராம் நினைவகத்தில் போடுங்கள். 16 ஜிபி இருந்தால், தாய் அமைப்புக்கு 2, ஆவணங்களுக்கு 2, படங்களுக்கு 4, ஒரு விண்டோசுக்கு 4 என்று பிரித்த பின்பும் 4 மிஞ்சும். 8 ஜிபியில் மூச்சுத் திணறும். தட்டு விடயத்தில், இயங்குதளத்துக்குப் புதிய எஸ்எஸ்டி வாங்குவதே நல்லது. பாவித்ததை வாங்கினால் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

யுபிஎஸ் இல்லாமல் இதைத் தொடங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. 2022 இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை போனது. இன்று அப்படி இல்லாவிட்டாலும், திடீரென நிற்கும் மின்சாரம் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பைக் கெடுத்துவிடும். யூஎஸ்பி இணைப்புள்ள யுபிஎஸ் என்றால், பற்றரி குறையும்போது கணினி தானாக ஒழுங்காக அணையும்படி நட் என்ற இலவச மென்பொருளால் அமைக்கலாம். ஐப்பசி இடிமுழக்கக் காலத்தில் ரவுட்டருக்கு வரும் தொலைபேசிக் கம்பியையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாலும் வரும். பெட்டியை நிலத்தில் வைக்காதீர்கள். 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

மென்பொருளில் எனது தெரிவு புரொக்ஸ்மொக்ஸ். டெபியன் லினக்சின் மேல் கட்டப்பட்டது, திறந்த மூலம், இலவசம். நிறுவியதும் கட்டணக் களஞ்சியத்தை நிறுத்தி, சந்தா தேவையற்ற களஞ்சியத்தை இயக்குங்கள். இல்லாவிட்டால் இற்றைப்படுத்தல் பிழை காட்டும். விஎம்வெயார் ஒரு காலத்தில் எல்லாரும் பழகிய பெயர். புரொட்கொம் அதை வாங்கிய பின் 2024 பெப்ரவரியில் இலவசப் பதிப்பை நிறுத்தியது, 2025 ஏப்ரலில் திரும்பத் தந்தது. அப்படி மாறுகிற நிறுவனத்தை நம்பி குடும்ப ஆவணங்களை வைக்க எனக்கு மனமில்லை. வாங்கும் முன் பழகிப் பார்க்க விரும்பினால், இருக்கிற மடிக்கணினியில் வேர்ச்சுவல்பொக்ஸ் போட்டு முயலலாம்.

உள்ளே, ஆவணங்களுக்கு நெக்ஸ்ட்கிளவுட், படங்களுக்கு இமிச். இணையம் மெதுவான வீடுகளில் கிவிக்ஸ் மூலம் தமிழ் விக்கிப்பீடியாவை முழுவதுமாக இறக்கி வைக்கலாம். படிக்கும் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி.

படங்களைச் சேர்க்கும்போது ஒரு கவனம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கும். எடுத்த திகதி, நேரம், இடம் பற்றிய தரவும் அழியும். என்றாவது சான்றாகக் காட்ட வேண்டிய படம் என்றால் தொலைபேசியிலிருந்து கம்பி மூலம் நேரே எடுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 எண்ணைக் கணித்து ஒரு பட்டியலாக வையுங்கள். கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். தாள் மூலத்தை ஸ்கான் செய்துவிட்டோம் என்று எறிந்துவிடவும் கூடாது.

இரண்டு தட்டில் ஒரே தரவை எழுதுவது காப்புப் பிரதி ஆகாது. தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழியும். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். கனடாவிலோ லண்டனிலோ உறவினர் இருந்தால் அவருடைய வீடே அந்த வேறு ஊர். 4ஜி இணைப்பில் 200 ஜிபி அனுப்பப் புறப்பட்டால் டேட்டா காசு தாங்காது. முதல் பிரதியை லக்ஸ் முறையில் மறைகுறியாக்கிய வன்தட்டில் விடுமுறைக்கு வருபவரிடம் கொடுத்துவிட்டு, பிறகு சேரும் கோப்புகளை மட்டும் அனுப்புங்கள். பல 4ஜி இணைப்புகளில் வெளியிலிருந்து உங்கள் ரவுட்டருக்கு நேரே வர முடியாது. டெயில்ஸ்கேல் அந்தத் தடையைக் கடக்கும். ரவுட்டரில் வாசலைத் திறந்து விடும் பழைய முறை வேண்டாம்.

மறைகுறியாக்கத்தின் கடவுச்சொல் தொலைந்தால் யாராலும் திறக்க முடியாது. அதைத் தாளில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காப்புப் பிரதியிலிருந்து ஏதாவது ஒரு கோப்பை எடுத்துத் திறந்து பாருங்கள்.